எங்கே வைத்துப் பிடித்தார்கள்

அப்பா உவரிக்குத் திரும்பி வந்து அறுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். எங்கே வைத்துப் பிடித்தார்கள்?

"கடல்லதான்" என்பார் அப்பா.

கேட்டவர்கள் சிரித்துவிட்டு, அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. கல்லூரியில் இயற்பியல் படித்த காலத்தில் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. அப்பா கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம், குளிக்கும்போது தொண்டையைச் செருமும் சத்தம், வாசலில் கிடக்கும் அவருடைய செருப்பு. இவை போதும் என்றிருந்தது. பத்து மாதமாக வாசலில் அந்தச் செருப்பு இல்லை.

அப்பா பெயர் தொம்மை. படகு டிரைவர். எங்கள் ஊர்க்காரர்கள் பலரையும்போல, வருடத்தில் பாதியை மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில், அடுத்தவர் படகில் கழிப்பார். போன ஐப்பசியில் அந்தப் படகையும் அதிலிருந்த ஆறு பேரையும் அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அந்த நாட்டின் பெயரை எங்கள் வீட்டில் சொல்வதில்லை. அந்தப் பக்கம் என்றால் எல்லோருக்கும் புரியும்.

படகு எல்லையைத் தாண்டவில்லை என்றது நம் அரசு. தாண்டியது என்றது அந்த அரசு. இரண்டு அரசுகளும் வேறு எதைப் பற்றியும் பேசிக்கொள்வதில்லை. இதைப் பற்றியும் அவ்வளவுதான் பேசின. படகும் அதிலிருந்த ஜி.பி.எஸ். கருவியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

நான் பேட்டையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆற்றுத் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்போம். தென்படாவிட்டால் 'கண்டறியப்படவில்லை' என்று எழுத வேண்டும். 'இல்லை' என்று எழுதக் கூடாது. அரசின் அறிக்கையைத் தொலைக்காட்சியில் கேட்டபோது, இவர்களுக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று நினைத்தேன். படகில் இருந்தவர்களிடம் யாரும் இன்னும் கேட்கவே இல்லையே. நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. படகு தாண்டவில்லை என்று சொல்கிறவர்கள்தான் எங்களுக்காகப் பேசுகிறவர்களாக இருந்தார்கள்.

என் அம்மா லூசிக்கு இந்தத் தயக்கம் எதுவும் கிடையாது. அவள் காலை பஸ்ஸில் மீன் கூடையோடு பாளையங்கோட்டைக்குப் போவாள். விற்று முடித்ததும் வெறுங்கூடையோடு வண்ணார்பேட்டைக்கு வந்து எம்.பி. அலுவலகத்தில் உட்கார்ந்துகொள்வாள். எம்.பி.யின் பெயர் எஸ்றா அப்பாத்துரை. அரசியலுக்கு வருமுன் பாளையங்கோட்டையில் புவியியல் ஆசிரியராக இருந்தவர்.

முதல் வாரத்தில் அங்கிருந்த ஒருவர், "ஏம்மா, கூடையை வெளிய வச்சிட்டு வாயேன், மணக்குல்லா" என்றாராம்.

"மணக்கத்தான் செய்யும். ஐயா எங்க ஆளுவளக் கூட்டிட்டு வந்துட்டா கூடையும் வராது, நானும் வரமாட்டேன்."

உள்ளே எம்.பி. சிரித்தது வெளியே கேட்டதாம். அதன்பிறகு கூடையை யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் டெல்லிக்கு எழுதினார். நாடாளுமன்றத்தில் கேட்டார். 'பேசிக்கொண்டிருக்கிறோம், எங்களிடம் விட்டுவிடுங்கள்' என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. ஆடி மாதத்தில் அவர் யாரிடமும் சொல்லாமல் வளைகுடாவுக்குப் போய், அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்தார். ஆவணியில் ஆறு பேரையும் விட்டுவிட்டார்கள். அவர்கள் ரயிலில் வந்து இறங்கிய காலையில் அவர் நிலையத்துக்கு வரவில்லை. வந்தால் படம் எடுப்பார்கள் என்றாராம்.

அந்தச் சனிக்கிழமை விளக்கு போடும் நேரத்தில், அம்மாவின் தம்பி ஜோன்ஸ் மாமா செல்போனை நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

"அத்தான், பாத்தீங்களா? அந்தப் பக்கத்துப் பேப்பர்ல போட்டுட்டான். நம்ம எம்.பி.யே ஒத்துக்கிட்டாரு, படகு தாண்டித்தான் வந்துச்சுன்னு. டெல்லியில எல்லாவனும் கத்துதான்."

அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"புவியியல் வாத்தியாருக்கு எல்லை எங்க இருக்குன்னு தெரியாதாக்கும்" என்றார் மாமா. "இவரு யாரு அங்கன போயிப் பேச? நாட்டுக்கு ஒரு வாய்தான் இருக்கணும். ஐநூத்திச் சொச்சம் எம்.பி. இருக்கான். ஆளுக்கொரு பக்கம் போயி ஆளுக்கொண்ணு சொன்னா, எவன் பேச்சை அந்தப் பக்கத்துக்காரன் நம்புவான்?"

"நம்பிட்டானே" என்றாள் அம்மா.

"யக்கா, அது வேற."

"என்னலே வேற? உங்க அத்தான் இன்னா உக்காந்து கஞ்சி குடிக்காவ. நீ உன் ஒத்த வாயை வச்சிக்கிட்டு பத்து மாசம் என்ன செய்த?"

மாமா கோபப்படவில்லை. ஓலைப் பாயில் உட்கார்ந்து குரலைத் தணித்தார். எம்.பி. சொன்னதைப் பற்றி விசாரிக்கச் செவ்வாய்க்கிழமை டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். மற்ற ஐந்து பேரும் 'டிரைவரைக் கேளுங்க' என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அப்பா வாயிலிருந்துதான் பதில் வர வேண்டும்.

"நம்ம கடல்லதான்னு ஒத்தை வார்த்தை சொல்லிருங்க அத்தான். டெல்லியில இறங்கினதுமே ஒரு ஆபீசர் அப்படித்தான சொல்லச் சொல்லி அனுப்பினாரு? தாண்டினோம்னு சொன்னா கடலுக்குப் போற அடையாள அட்டையை முடக்கிருவான். டிரைவர் நீங்க. பொறவு கரையில உக்காந்து அடுத்தவனுக்கு ஐஸ்தான் உடைக்கணும்."

"நம்ம கடல்னு சொன்னா, அந்த மனுசன் பொய் சொல்லிட்டு வந்தாருன்னு ஆயிருமே" என்றாள் அம்மா. "நாட்டைக் காட்டிக் குடுத்துட்டாருன்னு இப்பவே சொல்லுதான். அப்படி இருந்தா பதவியை விட்டுருதேன்னு அவரும் சொல்லிட்டாராம்."

"ரெண்டுல ஒண்ணு போவத்தான் செய்யும் யக்கா."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"கஞ்சியில உப்பு கூடிப்போச்சு" என்றார் அப்பா.

மறுநாள் கோயிலில் ஆறு குடும்பங்களுக்கும் நன்றிப் பூசை. அப்பா அந்தோணியார் முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஒன்று எம்.பி.க்கு என்றார். இன்னொன்று யாருக்கு என்று அம்மா கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு."

"எந்த ஆளுக்கு?"

"சும்மா வாட்டீ, பூசை தொடங்கப் போவுது."

செவ்வாய்க்கிழமை பரிசோதனைக் கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவோடும் மாமாவோடும் போனேன். அம்மா வரவில்லை. அன்றைக்கு விற்க மீன் இருந்தது. பொரித்த சீலா மீனை வாழை இலையில் பொதிந்து என் கையில் கொடுத்து, "எம்.பி. ஐயாகிட்ட குடு. ஒரு வார்த்தை நன்றி சொல்லு. வாயைத் திற" என்றாள். பஸ் திசையன்விளை தாண்டும் வரை அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வண்ணார்பேட்டையில் விசாரணை நடக்கவிருந்த விருந்தினர் மாளிகை வராந்தாவில் எம்.பி. தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அவரோடு வருகிறவர்கள் யாரும் அன்று வரவில்லை. அப்பா அவருக்குக் கும்பிடு போட்டார். அவர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மாமா டீ குடிக்க அப்பாவை அழைத்துக்கொண்டு போனார்.

"நீதான் தண்ணி சோதிக்கிற பிள்ளையா? அம்மா சொல்லுவாங்க" என்றார் எம்.பி.

"ஆமா சார்." பொதியைக் கொடுத்தேன். பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"நீங்க போனது சரியா சார்?"

சொன்னபிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. பொதியை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் நல்ல கேள்வி வந்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

"சரியில்லம்மா. இப்போ என்னைத் திட்டுதவங்க சொல்லுததைத்தான் நானும் பாடமா நடத்தியிருப்பேன். எம்.பி.ன்னா கேள்வி கேக்கலாம், சட்டம் போடலாம். இன்னொரு நாட்டுக்கிட்ட நம்ம நாட்டுக்காகப் பேச எனக்கு யாரும் அதிகாரம் குடுக்கல. நாளைக்கு இன்னொருத்தன் போவான். மீன்பிடிக்கவங்களுக்காகப் போவ மாட்டான், தன் வியாபாரத்துக்குப் போவான். அப்பாத்துரை போவலையான்னு என்னைக் காட்டுவான். அதுக்கு என்கிட்ட பதில் கிடையாது."

"பொறவு ஏன் சார் போனீங்க?"

"உங்கம்மா கூடைதான்." சிரித்தார். "வெறுங்கூடையை வச்சிக்கிட்டு ஒரு மனுசி எதிர்ல உக்காந்திருந்தா எத்தனை நாளைக்கு 'பேசிக்கிட்டு இருக்காங்க'ன்னு சொல்ல முடியும்?"

அங்கே நடந்ததையும் அவரே சொன்னார். மேலப்பாளையத்து முகம்மது மைதீன் வளைகுடாவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர் அங்கே வாடிக்கையாகச் சாப்பிட வருவார். மைதீன்தான் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்.

"நான் குடும்பம், பிள்ளைங்கன்னு என்னென்னமோ சொன்னேன். அவரு பரோட்டாவைப் பிச்சிக்கிட்டே இருந்தாரு. கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'படகு தாண்டவே இல்லைன்னு உங்க அரசாங்கம் சொல்லுது. நீங்க என்ன சொல்லுதீங்க, தாண்டிச்சா இல்லையா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தாண்டிச்சுன்னு சொன்னேன். அவரு கை அப்படியே நின்னுட்டு. 'அப்படியா'ன்னாரு. பொறவு மைதீனைக் கூப்பிட்டு இன்னொரு பரோட்டா கொண்டாரச் சொன்னாரு. அவ்வளவுதான்."

"தாண்டிச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அப்பாவும் மாமாவும் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"தெரியாது" என்றார். "அந்த நேரம் வேற பதில் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாருன்னு தோணிச்சு, சொல்லிட்டேன். நான் சொன்னது உண்மையா, என் நாட்டுக்கு எதிரா சொன்ன பொய்யான்னு எனக்கே தெரியல. அதுதாம்மா உறங்க விடமாட்டேங்குது."

"அப்பாகிட்ட கேக்கலாமே சார்."

"கேக்க மாட்டேன். நான் கேட்டா அவரு நன்றிக்காகப் பதில் சொல்லிருவாரு."

அப்பா வராந்தாவில் ஏறியதும் எம்.பி. எழுந்து நின்றார். "தொம்மை அண்ணாச்சி, உள்ள போறதுக்கு முன்ன ஒண்ணு. எனக்காகன்னு எதுவும் சொல்லாதீங்க. உங்க அட்டை போனா என்னால வாங்கித் தர முடியாது. நான் போனா வேற எம்.பி. வருவாரு. அதுக்குன்னு தேர்தலே இருக்கு."

"மீனைத் தின்னீங்களா சார்?" என்றார் அப்பா. "ஆறிப்போனா சீலா நல்லாருக்காது."

அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் தமிழர், வயதானவர், கண்ணியமானவர். வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அப்பா கேட்டதால் என்னைப் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். விசாரணை எம்.பி.யைப் பற்றியது என்பதால் அவருக்குப் பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மாமா வெளியே நின்றுகொண்டார்.

"பயப்பட வேண்டாம், தொம்மை. ஒரே கேள்விதான். உங்களை எங்க வச்சுப் பிடிச்சாங்க? நம்ம கடல்லதானே?"

கடல்லதான் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்பா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். அந்தப் பத்து மாதத்தைப் பற்றி அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"அன்னைக்கு விடிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும் சார். எங்க வலையை ஏத்தி முடிச்சாச்சு. அப்போ இன்னொரு வலை மிதந்து வந்துச்சு. எங்களது இல்ல. எங்க பக்கத்து வலையும் இல்ல, மிதப்புக் கட்டியிருக்கத பாத்தாலே தெரியும். புதுவலை. அறுந்து வந்திருக்கு."

"சரி."

"எங்க ஊர்ல அடுத்தவன் வலை மிதந்து வந்தா எடுத்து அவன் கையில சேக்கணும். பாத்துட்டுப் பாக்காதவன் மாதிரி வந்தவன் மறுநாள் கரையில நிக்க முடியாது. எவனும் அவன் படகுல ஏற மாட்டான்."

"அது உவரியில."

"ஆமா சார். அங்கன போயும் எனக்கு உவரிப் புத்திதான இருக்கும்."

நடுவில் இருந்தவர் லேசாகச் சிரித்தார்.

"தூரத்துல ஒரு சின்னப் படகு நின்னுச்சு. ரெண்டு பேரு துண்டை ஆட்டுதாங்க. இன்ஜின் நின்னுட்டு போல, அவங்களால வந்து எடுக்க முடியல. நாங்க வலையைச் சுருட்டிக் கொண்டுபோயிக் குடுத்தோம். பேச்சு விளங்கல. பெரியவரு நெஞ்சைத் தொட்டு யஹ்யான்னாரு. நானும் தொட்டு தொம்மைன்னேன். ஒரு பை பேரீச்சம்பழம் குடுத்தாரு. அதைப் பகுந்து தின்னு முடிக்குமுன்ன கடற்படை வந்துட்டு."

இரண்டாவது மெழுகுவர்த்தி யாருக்கு என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"யஹ்யா பொறவு ஜெயிலுக்கு வந்தாரு சார். எங்களுக்காகச் சாட்சி சொல்ல. எம்புட்டுத் தூரமோ, ரெண்டு தடவ வந்தாரு. இவங்க மீன் திருட வரல, என் வலையைக் குடுக்கத்தான் வந்தாங்கன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அங்கத்த அதிகாரி, இவங்க அரசாங்கமே படகு இந்தப் பக்கம் வரவே இல்லைங்குது, வராத படகு எப்படி உன் வலையைக் குடுக்கும்னு கேட்டாராம். உள்ள ஒருத்தனுக்கு இந்தி தெரியும், அவன்தான் கேட்டுட்டு வந்து சொன்னான். நாங்க வந்தோம்னு நம்ம பக்கத்துல ஒருத்தராவது சொன்னாத்தான் யஹ்யா சாட்சி செல்லும்னு அந்த அதிகாரி சொன்னாராம்."

பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பரோட்டாவின் மேல் அப்படியே நின்றுபோன ஒரு கையை நினைத்துக்கொண்டேன். பெயர் தெரியாத அந்த அதிகாரிக்கும், இரண்டு தடவை ஜெயிலுக்கு வந்த யஹ்யாவுக்கும், இந்த நேரத்தில் பாளையங்கோட்டையில் மீன் விற்றுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போனது சரியில்லை என்று அவரே சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் போகாமல் இருந்திருந்தால் என் பக்கத்து நாற்காலியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

"தொம்மை," என்றார் மெதுவாக. "அந்தச் சின்னப் படகு நம்ம பக்கம் ஒதுங்கி வந்திருக்கலாம். இல்லைன்னா நீரோட்டம் உங்க படகை இழுத்துட்டுப் போயிருக்கலாம். உங்களுக்கே தெரியாம. அப்படி எழுதிக்கிறேன். உங்க அட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அப்படி எழுதினால் அப்பாவுக்குக் கடல் மிஞ்சும். எம்.பி. சொன்னது உண்மையா பொய்யா என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போகும்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் தலையைத் திருப்பி, நாங்கள் உள்ளே வந்ததிலிருந்து முதல்முறையாகப் பின்வரிசையைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"இல்ல சார். நீரோட்டம் இழுக்கல. இன்ஜினைப் போட்டு நாந்தான் ஓட்டினேன். ஜி.பி.எஸ். முன்னாலதான் இருந்துச்சு, பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். நாங்க எல்லையைத் தாண்டித்தான் போனோம்."